லாட்வியாக்காரியின் தூக்குவாளி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஆண்டாள் கோவில் கோபுரத்துக்கு நேரே, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சூடத்தைக் கொளுத்திக் கையால் அணைத்துச் சொல்லப்படுவது. ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சூடத்தில் கலப்படம் இருந்திருந்தால் அதற்குக் கதை பொறுப்பாகாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் கருத்தப்பாண்டி போலீசில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். எஸ்.எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றாலும் தெருவுக்கு அவர் இன்னமும் ஏட்டையாதான். அந்த முப்பத்தோரு வருஷமும் தேரோட்டத்துக்குக் கயிறு பிடித்துக் கூட்டத்தை ஒதுக்கினார், மந்திரி வருகிற சாலையில் மாடு ஓட்டினார், கோர்ட்டுக்குக் கட்டுக் கட்டாகக் காகிதம் சுமந்தார். யாரையும் சந்தேகப்பட அவருக்கு வாய்ப்பே அமையவில்லை. திருடர்கள் எல்லாம் வேறு யாரோ சந்தேகப்பட்டு முடித்த பிறகுதான் அவர் கைக்கு வந்தார்கள். ஆகவே சர்க்கார் அவருக்கென்று ஒதுக்கிய சந்தேகம் முழுவதும் செலவாகாமல் உள்ளேயே கிடந்தது. மாடியறைக்கு வெளிநாட்டுப் பெண் ஒருத்தி குடிவந்த அன்றுதான் அதன் மூடி திறந்தது.

அவள் வந்தபோது அவர் ஊரில் இல்லை. கூமாப்பட்டியில் தேங்காய் வெட்டுக்குப் போயிருந்தார். நாலாம் நாள் திரும்பி வந்தால், அடுப்படியில் வைக்கோல் நிறத் தலைமுடியோடு ஒரு பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். அரைப் படி வெங்காயம் உரித்தாயிற்று. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கருத்தப்பாண்டி அதை அப்போதே மனதில் குறித்துக்கொண்டார்.

"ஏட்டி, யாரு இது?"

"இல்ஸேங்க. லாட்வியாவுலருந்து படிக்க வந்திருக்கா" என்றாள் மனைவி சண்முகத்தாய். "கிருஷ்ணன்கோவில் காலேஜு. வெளிநாட்டுப் புள்ளைகள நம்மள மாதிரி குடும்பத்துல தங்க வைக்காகளாம். பியூலா கேட்டா. சரின்னுட்டேன். ஆறு மாசந்தான்." பியூலா, முன்பு இதே மாடியில் குடியிருந்தவள், இப்போது அந்தக் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கிறாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"கேட்டா வேண்டாம்னுல்ல சொல்லுவிய. அதான் கேக்கல."

அந்தப் பெண் எழுந்து நின்று கைகூப்பி, "வாங்க மாமா, சாப்பிட்டாச்சா?" என்றாள். நாலு நாளில் இம்புட்டுத் தமிழ்! அதையும் குறித்துக்கொண்டார்.

அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. ஒரே மகள் கார்த்திகா எஸ்.ஐ. தேர்வு எழுதி, ஓடி, தாண்டி, குண்டு எறிந்து, எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். பாக்கி இருந்தது நன்னடத்தை விசாரணை ஒன்றுதான். போலீஸ் தனிப்பிரிவிலிருந்து ஒருவர் சாதாரண உடுப்பில் என்றைக்காவது வருவார். வீட்டைப் பார்ப்பார், தெருவில் விசாரிப்பார், அறிக்கை எழுதுவார். அந்த அறிக்கையில் ஒரு வரி பிசகினால் வேலை போச்சு. இரண்டு வருஷம் விடியற்காலையில் எழுந்து ஓடிய மகளின் கால் போச்சு. இந்த நேரம் பார்த்தா மாடியில் ஒரு அந்நிய நாட்டாள்?

அவர் முதலில் நாட்டைச் சோதித்தார். ஒன்பதாம் வகுப்பில் வாங்கிய அட்லஸ் பீரோவில் பத்திரமாக இருந்தது. ஐரோப்பாவைப் பிரித்து, பூதக்கண்ணாடி வைத்து, ஆறு முழுக்க, மலை முழுக்கத் தேடினார். லாட்வியா இல்லை.

"அப்பா, அது சோவியத் யூனியன் இருந்தப்ப போட்ட மேப்பு" என்றாள் கார்த்திகா. "லாட்வியா பொறவு தனியா வந்துச்சு."

"மேப்பு பழசானா நாடு மொளைக்குமாட்டி? இது வயக்காட்டு வரப்பா, இஷ்டத்துக்கு வெட்டிப் போட?"

இல்ஸே எட்டிப் பார்த்து, ஒரு நீலக் கடலோரத்தில் விரல் வைத்தாள். "இங்க மாமா. சின்ன நாடு. ஆனா இருக்கு."

விரலை எடுத்த பிறகு அந்த இடத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் அவளுடைய நாளைக் கண்காணித்தார். காலை ஐந்தரைக்கு எழுவாள். துணியைத் தானே துவைத்துக் கொடியில் போடுவாள். நாலு இட்டிலி, சட்னி மட்டும், சாம்பார் வேண்டாம். ஏழே முக்காலுக்குக் கல்லூரிப் பேருந்து. சாயந்திரம் வந்ததும் "வந்துட்டேன் மாமா" என்பாள். ரசத்தைக் கையில் ஏந்திக் குடிப்பதை அவர் வந்த மூன்றாம் நாளே படித்துவிட்டாள். டம்ளரை உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்கிறாள், சட்டையில் ஒரு துளி சிந்தவில்லை. உள்ளூர் மாப்பிள்ளைகளுக்கே புரையேறும். மத்தியானம் மின்சாரம் போய் மின்விசிறி நின்றால் தெருவே "ஏ..." என்று கத்தும், இவள் மட்டும் கத்தாமல் அடுத்த பக்கத்தைத் திருப்புவாள். பயிற்சி இல்லாமல் இது வராது என்று கருத்தப்பாண்டி முடிவுக்கு வந்தார்.

எல்லாவற்றையும்விட நாய். எதிர்வீட்டு அழகுராஜா வளர்ப்பது அசல் ராஜபாளையத்து நாய். வெள்ளை வெளேரென்று கன்றுக்குட்டி உயரம். அது தபால்காரரைக் கடித்தது. கேஸ் சிலிண்டரைக் கடித்தது. ஒரு தடவை தன் நிழல் அசைவதைப் பார்த்து அதையும் கடிக்கப் போய்ச் சுவரில் பல்லை உடைத்துக்கொண்டது. அந்த நாய் இல்ஸேயைக் கண்டால் வாலை ஆட்டிக்கொண்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தது. அதிலும் சாயந்திரம் அவள் திரும்பி வருகிறபோது வால் ஆடுகிற ஆட்டம் இரண்டு மடங்கு.

"ஏலே அழகு, ஒன் நாய்க்கு ஏதும் மருந்து வச்சிட்டாளா அவ?"

"நாய்க்கு நல்லவுகளத் தெரியும் ஏட்டையா. ஒங்களப் பாத்து எப்பவாவது வாலாட்டியிருக்கா?"

கருத்தப்பாண்டி அதையும் குறித்துக்கொண்டார்.

சித்திரை பிறந்த வாரம் அவர் கண்ணில் தூக்குவாளி பட்டது. வழக்கமாக அரண்மனைத் தெரு முனையில் கல்லூரிப் பேருந்திலிருந்து இறங்குகிறவள், அன்று ஒரு மணி நேரம் கழித்து ராஜபாளையம் பக்கமிருந்து வந்த டவுன் பஸ்ஸில் இறங்கினாள். கையில் மூடி போட்ட எவர்சில்வர் தூக்குவாளி. அவரைப் பார்த்ததும் அதைத் துப்பட்டாவுக்குள் மறைத்தாள். நேரே மாடிக்குப் போனாள். ஐந்து நிமிஷத்தில் சண்முகத்தாய் மாடிக்குப் போனாள். பத்து நிமிஷத்தில் கார்த்திகாவும் போனாள். கதவு சாத்திக்கொண்டது. முக்கால் மணி நேரம் கழித்து மூன்று பேரும் கையைக் கழுவிவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இறங்கி வந்தார்கள். வெற்றிலை போடாத சண்முகத்தாய் அன்று வெற்றிலை போட்டிருந்தாள்.

"மேல என்ன மூணு பேருக்கும்?"

"படிப்பு சொல்லிக் குடுத்தோம்."

"என்ன படிப்பு?"

"தமிழு" என்றாள் கார்த்திகா. மகள் தன்னிடம் பொய் சொல்லுகிறாள் என்று அவருக்கு உடனே பட்டது. பிள்ளையையும் மயக்கிவிட்டாளா?

அதற்குப் பிறகு வாரம் இரண்டு தடவை அதுவே நடந்தது. ஒன்றை அவர் கவனித்தார்: தூக்குவாளி வளர்ந்துகொண்டே போயிற்று. முதலில் அரை லிட்டர். அப்புறம் ஒரு லிட்டர். அப்புறம் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. இங்கிருந்து போகும்போதும் எதையோ ஏந்திக்கொண்டுதான் போனாள். ஒரு நாள் அந்த டவுன் பஸ் கண்டக்டர் வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தி, "பாத்திரம் ரெடியாம்மா? செத்த நேரந்தான் நிப்பேன்" என்று குரல் கொடுத்தார். போக்குவரத்துத் துறைக்குள்ளேயே ஆள் வைத்திருக்கிறார்கள்!

பொறுத்தது போதும் என்று ஒரு புதன்கிழமை அவர் துப்புத் துலக்கக் கிளம்பினார். மாறுவேஷத்துக்கு வீட்டில் கிடைத்தது ஊட்டிக்குப் போனபோது வாங்கிய குரங்குக் குல்லாய் ஒன்றுதான். நூற்றிரண்டு டிகிரி வெயிலில் அதைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் நிறுத்தத்தில் ஒரு டீக்கடை ஓரமாகப் போய் நின்றார்.

"என்ன ஏட்டையா, காது வலியா?" என்றார் டீ ஆற்றுகிறவர்.

"ஏட்டையா, காதுல என்ன?" என்றார் இளநீர்க்காரர்.

சேத்தூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் போன யாரோ வண்டியை நிறுத்தி, "ஏட்டையா, காது வலிக்குப் பூண்டு எண்ணெய் விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த நேரம் இல்ஸே வந்து இறங்கினாள். கூடவே பர்வீன் என்று ஒரு பெண். அதே வகுப்பில் படிக்கிறவள். இருவரும் பச்சைக் கதவு போட்ட ஒரு வீட்டுக்குள் போனார்கள். உள்ளே போனது சின்னத் தூக்கு. இருபது நிமிஷம் கழித்து வெளியே வந்தது பெரிய தூக்கு. கருத்தப்பாண்டி குல்லாய்க்குள்ளேயே வேர்வையில் நனைந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இல்ஸே இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்து நேராக அவரிடம் வந்தாள்.

"மாமா, காது வலியா?"

"ஆமா" என்றார்.

அவள் மருந்துக்கடைக்குப் போய்ச் சொட்டு மருந்து வாங்கி வந்து, பஸ்ஸில் பக்கத்திலேயே உட்கார்ந்து கூட்டிக்கொண்டு வந்தாள். தூக்குவாளி அவள் மடியிலேயே இருந்தது. அதை அவர் பார்க்கிறார் என்று தெரிந்ததும் ஜன்னல் பக்கம் மாற்றிக்கொண்டாள். அடுத்த மூன்று நாளும் நன்றாக இருந்த காதில் வேளைக்கு நாலு சொட்டு மருந்து விட்டாள். மூன்றாம் நாளிலிருந்து அவருக்குப் பக்கத்துத் தெருக் குழாயடிச் சண்டைகூடத் துல்லியமாகக் கேட்டது. ஆனாலும் அவர் சந்தேகத்தை விடவில்லை.

நாலாம் நாள் அவள் நோட்டு அகப்பட்டது. துணி காயப்போடுகிறபோது மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் மறந்து வைத்துவிட்டாள். உள்ளே பூச்சி ஊர்கிற மாதிரி அவள் பாஷை. அது போகட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பாத்திரம் வரைந்து, அதன்கீழே புள்ளி புள்ளியாக ஒரு குறியீடு. வளைவு, கொக்கி, சுழி, நடுநடுவே எண்கள் போல ஏதோ. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு அம்புக்குறி. சங்கேதம். முப்பத்தோரு வருஷம் காத்திருந்ததற்கு ஒரு கேஸ் இப்போதுதான் கிடைத்திருக்கிறது; அதுவும் சொந்த வீட்டு மாடியில்.

நாலு பக்கத்தைக் காகிதத்தில் பிரதி எடுத்துக்கொண்டு, தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து உடைக்கப் பார்த்தார். கையில் மோர் டம்ளர். டம்ளரின் விளிம்புக்குக் கீழே அவர் கல்யாணச் சீருக்கு மாமனார் வெட்டிக் கொடுத்த பெயர், புள்ளி புள்ளியாக. அந்த எழுத்தின்மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துக்கொண்டேதான் ஏழு நாள் யோசித்தார். ஒன்றும் விளங்கவில்லை.

எட்டாம் நாள் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். விசாரணைக்கு வருகிறவர் தானாகக் கண்டுபிடித்தால் கார்த்திகாவின் வேலை போகும். தானே முந்திக்கொண்டு ஒப்படைத்தால், தேசபக்தர் மகள் என்று அறிக்கையில் ஒரு வரி ஏறும். பாவம், காது மருந்து விட்ட பிள்ளைதான். ஆனால் பெற்ற பிள்ளை என்று ஒன்று இருக்கிறதே.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்கு விசாரணைக்காரர் வந்தார். தனிப்பிரிவு எஸ்.ஐ. பாண்டிச்செல்வம். கட்டம் போட்ட சட்டை, கையில் ஒரு ஃபைல். தெருவில் விசாரித்துவிட்டேன், பொண்ணைப் பற்றி எல்லாரும் நல்லவிதமாகச் சொல்கிறார்கள் என்று ஆரம்பித்தார். கருத்தப்பாண்டி விறைப்பாக எழுந்து நின்று சல்யூட் அடித்தார்.

"சார், ஒரு தகவல். இந்த வீட்டுலயே ஒரு கேஸ் இருக்கு."

அட்லஸை விரித்தார். காகிதங்களை வைத்தார். வெங்காயத்தில் ஆரம்பித்து நாய்வரை சொன்னார். கார்த்திகா நிலைப்படிக்கு வந்தாள். "அப்பா, செத்த சும்மா இருங்கப்பா" என்றாள். அவர் கேட்கவில்லை. இல்ஸே மாடிப்படியில் பாதியில் நின்றாள்.

பாண்டிச்செல்வம் அவளைக் கூப்பிட்டார். "நீ அந்தத் தூக்குல என்னம்மா கொண்டு போற, வார?"

இல்ஸே சண்முகத்தாயைப் பார்த்தாள். சண்முகத்தாய் கூரையைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது சார்" என்றாள் இல்ஸே.

"நீதான தூக்கிட்டு வார?"

"தூக்குவேன். தெரியாது."

"பாத்தியளா சார்? வாயத் தொறக்க மாட்டா. என்ன ட்ரெயினிங்கு!" என்றார் கருத்தப்பாண்டி.

அப்போது வாசலில் ஒரு டி.வி.எஸ். வண்டி வந்து நின்றது. பர்வீனின் அண்ணன் ஷமீர். வண்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டியிருந்தது தூக்குவாளி இல்லை, அண்டா. ஒரு கல்யாண வீட்டுக்குப் பந்தி போடலாம், அம்புட்டுப் பெரிசு. எதிர்வீட்டு நாய் அதன் பின்னாலேயே இரண்டு தெரு ஓடி வந்திருந்தது. முன்னங்காலைத் தூக்கி அண்டாவைக் கும்பிடுவதுபோல நின்றது. இது அளக்கப்பட்ட உண்மை: அண்டா வாசலுக்குள் நுழையவில்லை. ஒரு கதவைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுவந்தார்கள்.

"யத்தே, அம்மா குடுத்துவிட்டாக" என்று ஆரம்பித்த ஷமீர், கூடத்தில் நின்ற கருத்தப்பாண்டியைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஏட்டையா கூமாப்பட்டிக்குப் போயிட்டாகன்னு சொன்னியளே?"

"தொறங்க" என்றார் பாண்டிச்செல்வம்.

கருத்தப்பாண்டி தானே முன்னால் போய், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் மூடியைத் தூக்கினார்.

மட்டன் பிரியாணி.

ஆவி கூரைவரை போய் இறங்கியது. இரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மதுரை டாக்டர் கறியைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்று சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டில் கறி வேகவில்லை. 'நீங்க சாப்பிடாதத நாங்க மட்டும் எப்படித் திங்க' என்று மனைவியும் மகளும் விட்டுவிட்டார்கள். போகிற வருகிற இடமெல்லாம் கருத்தப்பாண்டி அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தார்.

"ஏட்டி" என்றார். "இது எம்புட்டு நாளா?"

சண்முகத்தாய் முந்தானையைத் திருகினாள். "மூணு மாசமாச்சு. அந்தப் புள்ள பர்வீன் வீட்டுக்கு வெளையாட்டாப் போனா. அவுக அம்மா நசீமா ஒரு தூக்குல சால்னா குடுத்துவிட்டாக. வெறும் பாத்திரத்தத் திருப்பிக் குடுக்கக் கூடாதுல்லா? பால்கோவா வாங்கி வச்சேன். சால்னாத் தூக்குல பால்கோவா வச்சா வாடை அடிக்கும்னு நம்ம தூக்குல வச்சு, ரெண்டையும் சேத்துக் குடுத்துவிட்டேன். இப்ப நம்ம தூக்கு அங்க. அதை அவுக வெறுமனே அனுப்புவாகளா? கொழம்பு வந்துச்சு. அது கொள்ளலன்னு அவுக தூக்குலயும் வந்துச்சு. நான் அப்பம் சுட்டு அனுப்புனேன். அவுக சப்பட்டை மாம்பழம். எங்கன நிறுத்த? யாரு மொதல்ல வெறும் பாத்திரத்தக் குடுக்க?"

"எங்கம்மாவும் அதைத்தான் சொல்லிப் பொலம்புறாங்க யத்தே" என்றான் ஷமீர். "வீட்டுல பெரிய பாத்திரம் இதான் கடைசி. இதுக்கு மேல பள்ளிவாசல்ல வாடகைக்குத்தான் எடுக்கணும்."

"நீங்க வாசம் புடிச்சா ஏங்கிப் போவியன்னுதான் மாடியில வச்சுத் தின்னோம்" என்று முடித்தாள் சண்முகத்தாய். "வேற ஒரு தப்பும் பண்ணல."

பாண்டிச்செல்வம் பிரதி எடுத்த காகிதத்தை எடுத்துப் பார்த்தார். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் தலைகீழாகத் திருப்பினார்.

"ந. ஹமீது, 14.2.2003" என்று வாசித்தார். "எங்கப்பா பேரு" என்றான் ஷமீர். அடுத்ததைத் திருப்பினார். "ச. கருத்தப்பாண்டி, திருமணச் சீர். ஐயா, இது ஒங்க பேருதான?"

"கழுவிக் கவுத்தி வச்சிருக்கும்போது பார்த்து வரைஞ்சேன்" என்றாள் இல்ஸே. "எது யார் வீட்டுப் பாத்திரம், மாறிடக் கூடாது. அதான் அம்புக்குறி."

கருத்தப்பாண்டி நாற்காலியில் உட்கார்ந்தார். தன் கையாலேயே மகளின் வேலையைத் தொலைத்தாயிற்று என்று அவருக்குத் தோன்றியது. முப்பத்தோரு வருஷ சர்வீஸ், சொந்த வீட்டு மாடியில் ஆடு ஆடாகப் போயிருக்கிறது, துப்புக் கிடைக்கவில்லை. இந்த லட்சணத்தில் அவர் பெண்ணுக்கு எஸ்.ஐ. வேலை யார் கொடுப்பார்கள்?

பாண்டிச்செல்வம் வேலை நேரத்தில் கை நனைக்கிறவர் இல்லை. ஒரு பருக்கை தொடவில்லை. ஆனால் அண்டாவை மூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதற்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, மூச்சை நன்றாக இழுத்து இழுத்து, முக்கால் மணி நேரம் விசாரணை நடத்தினார். கார்த்திகாவிடம் கேட்டார்:

"மூணு மாசமா அப்பா கேக்குறப்பல்லாம் நீ என்னம்மா சொன்ன?"

"தமிழ் சொல்லிக் குடுத்தேன்னு சொன்னேன் சார்."

"ஒரு தடவைகூட மாத்திச் சொல்லலையா?"

"இல்ல சார்."

"வாடை?"

"கைய எலுமிச்சம்பழம் போட்டுக் கழுவுவோம். அம்மாவுக்கு வெத்தல. எலும்ப எதிர்வீட்டு நாய்க்குப் போட்டுருவோம். ஒண்ணும் மிச்சம் இருக்காது."

அவர் ஃபைலைத் திறந்து, பேனா மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றி, நிதானமாக எழுதினார். கருத்தப்பாண்டி எட்டிப் படித்தார். 'விண்ணப்பதாரர், போலீஸ் துறையில் முப்பத்தோரு ஆண்டு அனுபவமுள்ள ஒருவருடன் ஒரே கூரையின் கீழ் வசித்துக்கொண்டு, வாரம் இருமுறை வீதம் மூன்று மாத காலம் நடந்த ஒரு காரியத்தில் தடயம் எதுவும் விடாமலும், வாக்குமூலத்தை மாற்றாமலும், ரகசியம் காத்துள்ளார். இப்பணிக்கு மிகவும் தகுதியானவர்.'

"ஐயா" என்றார் பாண்டிச்செல்வம், எழுந்துகொண்டே. "அந்த லாட்வியாப் புள்ளையும் வாயத் தொறக்கல. அவுக நாட்டுல போலீசு வேலை காலி இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

இருபத்தெட்டாம் நாள் கார்த்திகாவுக்கு உத்தரவு வந்தது. பயிற்சிக்குக் கிளம்பின அன்று அவள் பெட்டியை பஸ் நிறுத்தம்வரை சுமந்தவர் கருத்தப்பாண்டி. அதற்குப் பிறகு அவர் யாரையும் சந்தேகப்படவில்லை. எதிர்வீட்டு நாயை மட்டும்தான்.

கிருஷ்ணன்கோவில் கல்லூரி அந்த ஆண்டு வெளிநாட்டு மாணவர்களைக் குடும்பத்தோடு தங்கவைக்கும் திட்டத்தை அறிவித்து மூன்று மாதம் காத்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ ஒரு குடும்பம்கூட விண்ணப்பிக்காததால் திட்டத்தைத் தொடங்காமலே கைவிட்டது. இதுவும் சத்தியம்; சூடத்தில்தான் கலப்படம்.